மாணிக்கம், முத்து, மண்

புதுத்துறை நகரில் கைபேசி அலைக்கோபுரம் ஒன்றுகூட இல்லை. கடல் சீறியெழுந்த பெரும்புயலில் அந்த இரும்புக் கோபுரங்கள் அத்தனையும் முறிந்து விழுந்தன. மீண்டும் நிறுத்தப் பெருஞ்செலவாகும் என்று முதலாளிகள் முகம் சுளித்து நின்றபோதுதான் ‘வான்வலை’ நிறுவனம் வந்தது. “கோபுரம் எதற்கு? ஒவ்வொரு கைபேசியும் ஒரு கோபுரம்!” என்று முழங்கியது. ஒருவர் கையிலுள்ள கருவி அடுத்தவரின் அழைப்பை வாங்கி, அதற்கடுத்தவர் கருவியிடம் ஒப்படைக்கும். கூப்பிடு தூரத்துக்குக் கூப்பிடு தூரம் தாவித் தாவிக் குரல் நகரெங்கும் போகும். மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் அலையும் நெருங்கி நிற்கும்.

நாடு கைதட்டியது. தட்டத்தான் வேண்டும், அறிவியல் அரியதொரு கொடையைக் கொண்டுவந்து தெருவில் வைத்தது. ஆனால் அந்தக் கொடையின் குளிர்ச்சி எவர் கைக்குப் போயிற்று, கொதிப்பு எவர் கைக்கு வந்தது? அதைக் கேட்பதற்குத்தான் ஆளில்லாமல் இருந்தது.

கடற்கரைச் சாலையில் இருந்த வான்வலை விற்பனைக் கூடத்தில் திட்டங்களை எடுத்துரைப்பதில் திரவியக்கனியை வெல்ல எவரும் இல்லை. உப்பளக் குடியிருப்பில் பிறந்து, அங்கிருந்து குளிரூட்டிய அறைக்குள் வேலைக்குப் போன முதல் பெண் அவள். நிறுவனம் தந்த நீலச் சேலையை அவள் உடுத்தி நடந்தால் குடியிருப்பே நிமிர்ந்து நடந்ததுபோல் இருக்கும்.

ஒருநாள் அவள் எதிரே வழக்கறிஞர் நறுமுகை வந்தமர்ந்தார். தலைநகரிலிருந்து அந்த வாரம்தான் முதிய தந்தையோடு குடிவந்திருந்தார். உப்பளக் குடியிருப்பை ஒட்டிப் புதிதாக எழுந்த ‘மாணிக்க மாளிகை’யில், பதினான்காம் மாடியில் வீடு.

“மூணு திட்டம் இருக்கு மேடம். மாணிக்கம், முத்து, மண்,” என்று தொடங்கினாள் திரவியக்கனி. “மாணிக்கத்துல கருவி வெலை கூடுதல், மாசக் கட்டணமும் கூடுதல். ஆனா தொட்டதும் லைன் கெடைச்சிரும். உங்க கருவி அடுத்தவுக அழைப்பைச் சுமக்காது. அதனால சார்ஜ் எறங்காது, சூடாகாது. ஐஸ்கட்டி மாதிரி சில்லுனு இருக்கும்.”

“முத்து?”

“நடுவாந்தரம். கருவி பாதி வெலை. கொஞ்சம் சுமக்கும், கொஞ்சம் காக்க வைக்கும். வாத்தியார் வீடு, குமாஸ்தா வீடெல்லாம் அதான்.”

“மண்?”

“அதுக்குக் காசே கெடையாது. கருவியும் சும்மா, பேச்சும் சும்மா.”

நறுமுகை சிரித்தார். “சும்மான்னு சொன்னாலே எனக்குப் பயம். விலையை எங்கே ஒளிச்சு வச்சிருக்காங்க?”

திரவியக்கனி தன் இடுப்பில் செருகியிருந்த துணிப்பையை எடுத்தாள். பை நனைந்திருந்தது. உள்ளிருந்த கைபேசியை எடுத்து நீட்டினாள். தொட்ட நறுமுகை விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“அய்யோ, சுடுதே!”

“அதான் மேடம் வெலை. மாணிக்கம் பேசுறது, முத்து பேசுறது, எல்லாத்தையும் இதுதான் சுமக்கும். எங்க குடியிருப்புல யாரும் ஈரப்பை இல்லாம இதை இடுப்புல வைக்க முடியாது. எல்லாரும் பேசி முடிச்சாத்தான் எங்க முறை. அதுவரைக்கும் ‘தாங்கள் வரிசையில் உள்ளீர்கள், பொறுத்தருள்க’ன்னு ஒரு அம்மா சொல்லிக்கிட்டே கெடப்பாவ. எங்க பிள்ளைக ‘அம்மா’ன்னு சொல்றதுக்கு முந்தி ‘பொறுத்தருள்க’ன்னுதான் சொல்லுது!”

“அவசரம்னா என்ன செய்வீங்க?”

“வரிசை நிப்போம்.”

நறுமுகைக்குப் புரியவில்லை. திரவியக்கனி சன்னலுக்கு வெளியே கைகாட்டினாள். வெயிலில் வெள்ளையாய் விரிந்து கிடந்தன உப்பளங்கள். அவற்றின் குறுக்கே நேராக ஓடியது ஒரு வரப்பு. அதன் மறுமுனையில் நெடுஞ்சாலை.

“அந்த முனையில வெளியூர்க் கம்பி வந்து சேருற கம்பி நிலையம் இருக்கு. அங்க போய்ச் சேந்தா எந்த ஊருக்கும் பேசலாம். உப்பளத்து நடுவுல மாணிக்கமும் கெடையாது, முத்தும் கெடையாது. சுமக்கச் சொல்ல ஆளில்லை. அதனால ஒருத்தருக்கு அவசரம்னா ‘வரிசை’ன்னு ஒரு சத்தம் குடுப்பம். கையில இருக்க வேலையைப் போட்டுட்டு எல்லாரும் ஓடிப்போயி, கூப்பிடு தூரத்துக்கு ஒருத்தரா அந்த வரப்புல நிப்போம். கருவியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிப்போம். பேச்சு எங்க கை வழியாவே போயிரும்.”

“நடுவுல ஒரு கருவி சார்ஜ் இல்லாமப் போயிட்டா?”

“வாய் இருக்குல்லா? கேட்டதை அப்படியே அடுத்த கருவிக்குக் கத்திச் சொல்லணும். ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. சுமக்குறவன் திருத்தக் கூடாதுங்கிறது எங்க வரிசைச் சட்டம். ஒருதரம் எங்க லூர்து அண்ணன் கருவி செத்துப்போச்சு. அப்ப லைன்ல இருந்தது புதுசாக் கல்யாணமான பிள்ளை. மாப்பிள்ளை கப்பல்ல. பனைமரம் மாதிரி நிக்கிற லூர்து அண்ணன் என்ன செஞ்சாரு தெரியுமா? ‘என் ராசா, சாப்பிட்டியளா? உங்க நெனப்பாவே இருக்கு’ன்னு கட்டைக் குரல்ல உப்பளம் அதிரக் கத்துனாரு. சொல்லு மாறல. அந்தப் பிள்ளைதான் நாலு நாளா வெளியவே வரல!”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபின் நறுமுகை மெல்லக் கேட்டார்: “இவ்வளவும் தெரிஞ்சுதான் இதை விக்கிறீங்களா?”

“ஒளிக்காமச் சொல்லித்தானே விக்கேன் மேடம்? ஊர் ஒலகத்துல எது ஒண்ணுபோல இருக்கு, இது மட்டும் இருக்கதுக்கு?”

நறுமுகை தந்தையின் முதுமையை எண்ணினார். தடையில்லாத் தொடர்பு வேண்டுமே என்று மாணிக்கமே வாங்கினார். கருவி கையில் குளிர்ந்திருந்தது.

‘எது ஒண்ணுபோல இருக்கு?’ அடிமைத்தனம் அழகாகப் பேசக் கற்றுக்கொண்டால் இப்படித்தான் பேசும்! அந்தக் கேள்விக்கு விடை ஒரு மழைநாளில் வந்தது.

திரவியக்கனியின் கணவன் சவேரி உப்பு லாரி ஓட்டுபவன். அன்று மழை கொட்டியது. ஓடைக்கரையில் லாரி வழுக்கிக் கவிழ்ந்தது. அவன் அடியில் சிக்கினான். உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. பார்த்தவர்கள் ஓடிவந்து சொல்ல, திரவியக்கனி கைபேசியை எடுத்தாள். அதே வேளையில் மாணிக்க மாளிகையின் மாடிகள் அனைத்திலும் கிரிக்கெட் இறுதியாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டின் ஒளித்திரைக்கும் படம் எங்கிருந்து போயிற்று? உப்பளக் குடியிருப்பின் ஈரப்பைகளிலிருந்து போயிற்று!

“தாங்கள் வரிசையில் உள்ளீர்கள். பொறுத்தருள்க.”

“வரிசை!” என்று அவள் அலறினாள். ஆட்கள் ஓடினார்கள். ஆனால் வரப்பு வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. நிற்க இடமில்லை.

“பொறுத்தருள்க.”

எவனோ அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது; மாளிகை ஆர்ப்பரித்தது. அந்த ஆரவாரம் ஓடைக்கரைவரை கேட்டது. அவளுக்கு வழி கிடைத்தபோது சவேரி பேச்சை நிறுத்தியிருந்தான். பந்துக்கு வழிவிட்டு உயிர் ஒதுங்கி நின்ற நாகரிகம் இது!

அழுது முடித்த திரவியக்கனி நீலச் சேலையைத் துவைத்து, மடித்து, மேலாளர் விசாகனின் மேசைமேல் வைத்தாள். பிறகு நேரே அலைவரிசை ஆணையத்துக்குப் போய் முறையீடு கொடுத்தாள். அவள் இழப்பீடு கேட்கவில்லை. முந்தி அழைத்தவருக்கு முந்தி வழி. உயிருக்கு எல்லாருக்கும் முந்தி வழி. சுமை எல்லாக் கருவிக்கும் பொது. கேட்டது இவ்வளவே.

விசாகன் அவளைத் தனியே அழைத்தார். “குடியிருப்பு முழுக்க முத்துத் திட்டத்துக்கு மாத்தித் தர்றோம். இலவசமா. வாபஸ் வாங்கிடு.”

“எங்களுக்குப் பதிலா அப்ப யாரு மண்ணு?”

“அது... ஓடைக்கு அந்தப் பக்கம் புதுசா ஆளுங்க குடிவர்றாங்க.”

“எங்களுக்குக் கீழ ஒருத்தன் இருந்தா நாங்க மேல வந்துருவோமா சார்? ஏணியில ஒரு படி ஏறணும்னு நாங்க கேக்கல. ஏணியே வேண்டாங்கோம்.”

ஆணையத்தின் முன் வழக்கு வந்தது. ஆணையர் அருளரசு நரைத்த மீசையும் நறுக்கென்ற பேச்சும் உடையவர். நிறுவனத்தின் சார்பில் எழுந்தவரைக் கண்டு திரவியக்கனி திடுக்கிட்டாள். நறுமுகை!

“ஐயா, மண் திட்டத்தினர் பணத்துக்குப் பதிலாகச் சுமையைத் தருகிறார்கள், அறிந்தே ஒப்புக்கொள்கிறார்கள். அலையும் மென்பொருளும் கம்பி நிலையமும் நிறுவனத்தின் உடைமை. உடைமையாளர் வகுத்ததே முறை,” என்றார் நறுமுகை. குரலில் குற்றமில்லை, கூர்மை இருந்தது.

திரவியக்கனி எழுந்தாள். அங்கே ஏட்டுத் தமிழில்தான் பேச வேண்டுமென்று குடியிருப்பில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தாள். “ஐயா, அலை அவர்களுடையது என்கிறார்கள். ஏற்கிறேன். நாங்கள் கருவியை அணைத்துவிட்டால் அவர்களுடைய அலை எங்கே இருக்கும்?”

விசாகன் இருக்கையிலிருந்தே சிரித்தார். “எங்கேயும் போகாது. முத்துக் கருவிகளே தாங்கும்.”

ஆணையர் பேனாவை மூடினார். “தாங்குமா என்று பார்த்துவிடுவோம். கடற்கரை வட்டத்தில் மட்டும், ஒரு பகல், கதிரெழுவது முதல் கதிர் விழுவது வரை மண் கருவிகள் அணைந்திருக்கட்டும். வட்டத்துக்கு வெளியே ஓர் அழைப்பேனும் போய்ச் சேர்ந்தால் வலை நிறுவனத்தினுடையது, முறையீடு தள்ளுபடி. ஒன்றுகூடப் போகவில்லையென்றால் வலை இந்த மக்களுடையது. முறையை அவர்கள் சொல்லட்டும். பொதுமக்களுக்கு முன்கூட்டியே பறையறைந்து சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் ஆயத்தமாய் நிற்கட்டும்.”

அந்த நாள் விடிந்தது. உப்பளக் குடியிருப்பில் கைபேசிகள் அணைந்தன. ஈரப்பைகள் கொடியில் காய்ந்தன! மாணிக்க மாளிகை எதிரே பந்தலிட்டு மக்கள் அமர்ந்தார்கள். அவர்களோடு மாளிகையின் காவலர்களும், சமையல் செய்வோரும், கூட்டிப் பெருக்குவோரும் வந்தமர்ந்தார்கள், எல்லாரும் மண்தானே. மாடிகளில் கருவிகள் கண்சிமிட்டின. ஆனால் அழைப்பு எங்கும் எட்டவில்லை. முத்துக் கருவிகள் ஒன்றுக்கொன்று எட்டாத தீவுகளாய்த் தத்தளித்தன. பால்கனிக்குப் பால்கனி மாணிக்க மாந்தர் கருவியைத் தூக்கிப் பிடித்து வானத்தைக் கெஞ்சினார்கள்.

“ஏய், அங்க பாருங்கடே, ஏழாவது மாடியில ஒருத்தர் டான்ஸ் ஆடுதாரு,” என்றார் லூர்து.

“ஆடல அண்ணாச்சி, சிக்னல் தேடுதாரு.”

“அப்ப அந்தம்மா இங்க வந்து சொல்லட்டும்லா, ‘பொறுத்தருள்க’ன்னு!”

பந்தல் குலுங்கிச் சிரித்தது. திரவியக்கனியும் சிரித்தாள், சவேரி போனபின் முதன்முறையாக.

உச்சிவேளை. கருவி எதுவும் இயங்காதபடி பார்க்கும் முறைக்காவலுக்கு லூர்து நெடுஞ்சாலை முனைக்குப் போயிருந்தார்; வரப்பு நெடுக உப்பளத் தொழிலாளர்கள் வேலையில் இருந்தார்கள். மாளிகையின் வாயிலிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். காலில் செருப்பில்லை, தலை கலைந்திருந்தது. நறுமுகை.

“யாராவது போனை ஆன் பண்ணுங்க! அப்பா குளியலறையில விழுந்துட்டார். கழுத்துல அடி. தூக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வேணும். கார்ல போய்க் கூப்பிடலாம்னா சாலை ஓடையைச் சுத்திக்கிட்டுப் போகுது!”

பந்தலில் சிலருடைய கை கருவியை நோக்கிப் போயிற்று.

“ஆன் பண்ணக் கூடாது,” என்றான் சவேரியின் தம்பி மிக்கேல். கண் சிவந்திருந்தது. “ஒரு அழைப்பு போச்சுன்னா எல்லாம் போச்சு. எங்கண்ணன் கெடந்தப்ப இவுக மேட்ச் பாத்தாவ. வழக்குல நமக்கு எதிரா நின்னு பேசுனதும் இவுகதான்.”

“உயிருல்லாடா!” என்றாள் ஒருத்தி.

“எங்கண்ணன் உயிரு என்ன, உப்பா?”

எல்லார் கண்ணும் திரவியக்கனியை நோக்கின. ஒரு பக்கம் ஊரின் உரிமை. மறுபக்கம் ஒரு முதியவரின் மூச்சு. எதிரியின் தந்தைதான், ஆனால் தந்தை! கணவனைக் காக்க வைத்துக் கொன்ற உலகத்தைப் பார்த்து, ‘நீயும் கொஞ்சம் காத்திரு’ என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் அவள் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது: பொறுத்தருள்க.

அவள் எழுந்தாள்.

“கருவியை ஒருத்தரும் தொடக் கூடாது,” என்றாள். நறுமுகையின் முகம் வெளுத்தது. திரவியக்கனி திரும்பி உப்பளத்தைப் பார்த்தாள். “கூப்பிடு தூரம், கூப்பிடு தூரம்னு எத்தனை வருசமா அந்த வரப்புல நிக்கோம்? கருவி இல்லேன்னா நமக்குத் தொண்டை இல்லையா? வரிசை! எல்லாரும் ஓடுங்க! லூர்து அண்ணன் அந்த முனையில இருக்காரு, கடைசி எடம் அவருக்கு. மிக்கேலு, நீ மொதல்ல நில்லு!”

மிக்கேல் அண்ணியை முறைத்தான். பிறகு எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினான்.

நொடியில் வரப்பின்மேல் மனிதச் சங்கிலி நீண்டது. அவரவர் நிற்குமிடம் அவரவர் காலுக்குத் தெரியும். கடற்காற்று முதுகுப்பக்கமிருந்து நெடுஞ்சாலையை நோக்கி வீசியது.

“சொல்லுங்க மேடம்,” என்றாள் திரவியக்கனி. “உங்க சொல்லுதான் போகும்.”

நறுமுகையின் குரல் உடைந்து வெடித்தது: “அப்பா விழுந்துட்டார்! மாணிக்க மாளிகை பதினாலாம் மாடி! கழுத்துல அடி, பலகை எடுத்துட்டு வாங்க! ஐயோ... கடவுளே... அப்பா, கண்ணைத் திறங்கப்பா!”

மிக்கேல் அதை அப்படியே வாங்கி அடுத்தவளை நோக்கிக் கத்தினான். கத்தி முடித்ததும் கையைத் தலைக்குமேல் உயர்த்தினான். கைபேசியைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை, இன்று வெறுங்கை.

நறுமுகை மின்தூக்கியில் மீண்டும் மேலே விரைந்தார். தந்தையின் அருகே மண்டியிட்டுக்கொண்டு சன்னல் வழியே பார்த்தார். வெள்ளை உப்பளத்தின் நடுவே ஒரு கை உயர்ந்தது. அதற்கப்பால் இன்னொரு கை. அதற்கும் அப்பால் மற்றொன்று. தன் அழுகை கையிலிருந்து கைக்குத் தாவி நெடுஞ்சாலையை நோக்கிப் போவதை அவர் கண்ணால் கண்டார். கடைசிக் கை உயர்ந்தது. சற்றைக்கெல்லாம் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுழன்றது.

கருவி அணைந்திருந்தது. மனிதன் அணையவில்லை!

மறுநாள் ஆணையத்தின் தாழ்வாரத்தில் விசாகன் முகமெல்லாம் பல்லாக நின்றார். மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருந்த நறுமுகையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து உச்சிவேளைக்கு மாளிகைக்கு ஆம்புலன்ஸ் வந்திருக்கு. எந்த வீட்டுக்குன்னு தெரியல. யார் வீடா இருந்தா என்ன? அழைப்பு போகாம வண்டி எப்படி வரும்? ஒரே ஓர் அழைப்பு! போதும். ஏழை எளியதுன்னு பேசுற கூட்டத்துல எவனோ திருட்டுத்தனமா ஆன் பண்ணியிருக்கான். முடிச்சிடுங்க.”

“எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்,” என்றார் நறுமுகை.

ஆணையர் அமர்ந்தார். மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் திரவியக்கனி. வாசலில் ஆம்புலன்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருந்தது. தாம் செய்த நன்மையே தமக்குத் தூக்குக் கயிறாகத் திரும்பும் என்று அவள் கருதியிருக்கவில்லை. வாயால் போன செய்தியென்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நறுமுகை எழுந்தார். “ஐயா, நேற்று நண்பகலில் கடற்கரை வட்டத்திலிருந்து உதவி கோரிய ஒரு குரல் நெடுஞ்சாலையைச் சென்றடைந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. இது உண்மை.”

விசாகன் நாற்காலியில் சாய்ந்தார்.

“அந்தக் குரல் என்னுடையது.”

விசாகன் நிமிர்ந்தார்.

நறுமுகை கறுப்பு அங்கியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கண்ணால் கண்ட சாட்சி வழக்குரைஞராக நிற்கக் கூடாது. ஆகவே விலகுகிறேன். கட்சிக்காரர் என்னை நம்பிச் சொன்ன எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. என் வீட்டில் நடந்ததை, என் சன்னலில் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.” நேரே சாட்சிக் கூண்டுக்குப் போய் ஏறினார். எல்லாவற்றையும் சொன்னார். “ஒரு கருவி வழியாகவும் அது போகவில்லை, ஐயா. என் அழுகையை மனிதர்கள் சுமந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னர்தான் அவர்களுக்கு எதிராக இதே மண்டபத்தில் நான் வாதாடியிருந்தேன்.”

ஆணையர் புருவத்தை உயர்த்தினார். “அவ்வளவு தொலைவு, அத்தனை வாய் மாறி, செய்தி சிதையாமல் போகுமா? கடைசியில் நின்றவர் யார்?”

லூர்து எழுந்தார். தலை மேல்விட்டத்தில் இடித்துவிடுமோ என்று தோன்றியது. “நாந்தான் ஐயா.”

“ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் என்ன சொன்னீர்? அப்படியே சொல்லும்.”

“அப்படியேன்னா... அப்படியேவா ஐயா?”

“அப்படியே.”

லூர்து தொண்டையைச் செருமினார். பிறகு அந்த இடிக்குரல் எழுந்தது: “அப்பா விழுந்துட்டார்! மாணிக்க மாளிகை பதினாலாம் மாடி! கழுத்துல அடி, பலகை எடுத்துட்டு வாங்க! ஐயோ... கடவுளே... அப்பா, கண்ணைத் திறங்கப்பா!”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சாட்சியாக வந்திருந்த ஓட்டுநர் எழுந்து கைகூப்பினார். “இதேதான் ஐயா. என் கையப் பிடிச்சுக்கிட்டு ‘கண்ணைத் திறங்கப்பா’ன்னு அழுதாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. ஆனா பலகை எடுத்துக்கிட்டுப் போனேன்.”

சிரிப்பு கூண்டைத் தொட்டதும் நின்றது. நறுமுகை முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய ‘ஐயோ’வைக்கூட அவர்கள் வழியில் சிந்தவில்லை. இத்தனை வாய்களில் ஒரு வாயாவது அதை வேண்டாத சொல்லென்று எறிந்திருக்கலாம், எறியவில்லை. திரவியக்கனி தலையை நிமிர்த்தி அமர்ந்திருந்தாள்.

ஆணையர் பேனாவைத் திறந்தார். “வலை எவருடையது என்று கேட்டேன். விடை கிடைத்தது. இன்று முதல் இந்நகரில் முந்தி அழைத்தவருக்கே முந்தி வழி. உயிர் காக்கும் அழைப்புக்கு எதுவும் முந்தாது. கருவி எதுவாயினும் சுமக்கும். அழகும் விலையும் வேறுபடலாம், சுமை வேறுபடலாகாது.”

தீர்ப்பைக் கேட்டு உப்பளக் குடியிருப்பில் எவரும் வெடி வெடிக்கவில்லை. கைபேசிகளை எடுத்து இயக்கினார்கள். ஊரிலுள்ள உறவுகளிடம் பேசினார்கள். மிக்கேல் முதலில் யாரை அழைப்பதென்று தெரியாமல் நெடுநேரம் கருவியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சில வாரங்கள் கழிந்தன. திரவியக்கனி குடியிருப்பின் முகப்பில் சொந்தமாகக் கைபேசிக் கடை வைத்திருந்தாள். ஒரு பிற்பகலில் நறுமுகை வந்தார். கழுத்துப் பட்டையோடு தந்தை வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

“என்ன வேணும் மேடம்?”

“ஈரப்பை ஒண்ணு.”

“மாணிக்கத்துக்கு எதுக்கு ஈரப்பை?”

நறுமுகை தன் கருவியை நீட்டினார். திரவியக்கனி அதை உள்ளங்கையில் வாங்கினாள். ஒருகாலத்தில் அவளே விற்ற கருவி. ஐஸ்கட்டி போலிருக்கும் என்று அவளே சொன்ன கருவி. இப்போது அது சுட்டது.

“அப்பாகிட்டப் பேசணும்னு எடுத்தேன். வரிசையில இருக்கேனாம்,” என்றார் நறுமுகை.

திரவியக்கனி கருவியைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னும் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

“யாரோ பேசுதாவ,” என்றாள். “முடிக்கட்டும்.”

நறுமுகை கடைப்பலகையில் உட்கார்ந்து காத்திருந்தார்.